வெள்ளிக்கிழமை கிளம்பாத கார்

வெள்ளிக்கிழமை காலை, கார் கிளம்பவில்லை என்று சொல்ல மெக்கானிக் ஜமால் பாய்க்குப் போன் செய்தேன். எடுத்தவர் அவருடைய மகள். “அப்பா விடியக்காலைல தவறிட்டாருங்க சார். நெஞ்சுவலி. இன்னைக்கு சார் வண்டி கிளம்பாது, போவணும்னு நேத்தே சொல்லிட்டிருந்தாருங்க” என்று அழுதார்.

அதியமான்கோட்டையில் நெடுஞ்சாலை ஓரம் பட்டறை வைத்திருந்தவர் பாய். ஒன்பது ஆண்டுகளுக்கு முன், மனைவியைச் சிகிச்சைக்குச் சேலம் அழைத்துப் போய்வர ஒரு பழைய கார் வாங்கினேன். பெயின்ட் பளபளப்பைப் பார்த்து ஏமாந்தேன். மூன்றாம் நாளே தொப்பூரில் புகை கக்கிக்கொண்டு நின்றுவிட்டது. வந்து பானட்டைத் திறந்து பார்த்த பாய், “வித்தவன் கெட்டிக்காரனுங்க சார்” என்றார். பிறகு ரேடியேட்டர், கிளட்ச், கியர்பாக்ஸ் என்று என் ஓய்வூதியப் பணத்தையெல்லாம் அந்தக் கார் தின்று தீர்த்தது. “பேசாம பாயையும் பின்சீட்ல ஏத்திக்கிட்டே போலாங்க” என்பாள் மனைவி.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் அவள் போய்ச் சேர்ந்தாள். அதற்குள் பாய் எல்லாவற்றையும் மாற்றியிருந்ததால் கார் சொன்ன பேச்சைக் கேட்க ஆரம்பித்திருந்தது. எனக்குத்தான் போக இடமில்லை. மகன் வெளிநாட்டில். நாள் கணக்கில் யாரோடும் ஒரு வார்த்தை பேசாமல் கிடந்தேன். ஒரு வெள்ளிக்கிழமை, பட்டறைக்கு விடுமுறை என்று தெரிந்தே, பேட்டரி ஒயரை நானே ஸ்பானர் வைத்துக் கழற்றிவிட்டு அவரைக் கூப்பிட்டேன். தொழுகை முடித்து வந்தார். இரண்டு நிமிடத்தில் மாட்டினார். டீ குடித்தபடி இரண்டு மணி நேரம் பேசினார். காசு வாங்க மறுத்துவிட்டார். அடுத்த வெள்ளியும் கழற்றினேன். அதுவே வழக்கமாயிற்று.

அவருக்குத் தெரியாது என்றே நினைத்திருந்தேன். போன மாதம் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: “சார், பேட்டரி ஒயரு தானா கழலாதுங்க. இனிமே கழட்டாமலே கூப்பிடுங்க, வரேன்.”

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. அப்போதும் வெட்கம் விடவில்லை. தனியாக இருக்கிறேன், வாருங்கள் என்று சொல்ல வாய் வரவில்லை. இந்த வெள்ளியும் கழற்றிவிட்டுத்தான் கூப்பிட்டிருந்தேன்.

அடக்கத்துக்குப் போக வேண்டும். முதல் முறையாக அந்த ஒயரை நானே மாட்டினேன். சாவியைத் திருப்பியதும் கிளம்பிவிட்டது. வழியெல்லாம் எங்கேயாவது நின்றுவிடாதா என்றிருந்தது. நிற்கவில்லை.

திரும்பி வந்து டீ போட்டேன். கை பழக்கத்தில் இரண்டு டம்ளர் எடுத்துவிட்டேன்.

பாய், வண்டியில் ஒரு குறையும் இல்லை. ஒயர் மாட்டியபடியே இருக்கிறது. நீங்கள் சொன்ன மாதிரி, கழற்றாமலே கூப்பிடுகிறேன். வாங்க பாய்.