அரண்மனைக்காரத் தெரு

காட்டுப்பள்ளியில் கப்பல் ஏஜென்ட் ஆபீஸில் எனக்கு வேலை. கப்பலில் வந்த ஆர்மீனிய இன்ஜினியர் ஒருவர், தம் மக்கள் கட்டிய தேவாலயத்தைப் பார்க்க வேண்டும் என்றார். ராயபுரத்திலிருந்து செவ்வாய்தோறும் அது இருக்கும் அதே தெருவிலுள்ள வேறொரு கோவிலுக்கு ஜெபத்துக்குப் போகிறவன் நான். பெருமையாக ஆட்டோவில் அழைத்துப் போனேன்.

"அரண்மனைக்காரத் தெரு. ராஜா யாராவது இருந்திருப்பார்" என்று ஆங்கிலத்தில் விளக்கினேன்.

அவர் பெயர்ப்பலகையில் 'ஆர்மீனியன் ஸ்ட்ரீட்' என்றிருந்த ஆங்கில வரியைக் காட்டி, "எங்கள் பெயர்தானே இது?" என்றார். எத்தனையோ முறை பார்த்த பலகை. எனக்கு முகம் சுண்டிப்போனது.

அரராத் மலையடிவாரம்தான் தங்கள் பூர்வீகம் என்றும், இன்று நாட்டுக்கு வெளியே வாழ்பவர்களே அதிகம் என்றும் சொல்லியபடி முற்றத்துக் கல்லறைகளைப் படித்தார்.

"இந்த ஊரில் இப்போது எங்கள் ஆட்கள் எத்தனை பேர்?"

ஆட்டோக்காரரைக் கேட்டேன். "அப்டி ஒர்த்தரும் இங்க கீறமாரி தெர்ல சார்" என்றார்.

அதை மொழிபெயர்க்காமல் இன்ஜினியரிடம் திரும்பினேன். "விசாரித்துச் சொல்கிறேன்" என்றேன். மறுநாள் கப்பல் கிளம்பிவிட்டது.