அக்காவின் சிரிப்பு

தான் வரையும் படத்துக்கு முதுகைக் காட்டி நிற்கிறாள் அந்த மாணவி. கையில் பவுடர் டப்பா மூடியிலிருந்து பெயர்த்த வட்டக் கண்ணாடி. அதைத் தோளுக்கு மேல் தூக்கிப் பிடித்து, பின்னால் தாங்கியில் இருக்கும் ஓவியத்தை அதில் பார்க்கிறாள். நேரே பார்த்துப் பழகிய கண்ணுக்குத் தப்பிய கோணலெல்லாம் கண்ணாடியில் பல்லிளித்துவிடும். "மூக்கு ஒரு பக்கமா ஓடுது," என்று முணுமுணுத்துத் திரும்பி, ஒரு நாள் உழைப்பைத் துணியால் துடைத்துவிடுகிறாள்.

இதனால் கல்லூரியில் அவளுக்குப் பெயரே 'கண்ணாடி' என்றாகிவிட்டது. அழகு பார்க்கிறாள் என்று புதிதாகச் சேர்ந்தவர்கள் நினைப்பார்கள். அழகு பார்க்கிறவள் முழங்கை வரை நீல பெயிண்டோடு பஸ் ஏறமாட்டாள்.

கல்லூரி என்றதும் பெரிதாகக் கற்பனை செய்ய வேண்டாம். முன்பு மருந்துக் கிடங்காக இருந்த கட்டடம். மாடியில் ஓவியம், கீழே கலை வரலாறு. கீழே பாடம் எடுப்பவன் நான். திரையில் படம் காட்ட விளக்கை அணைத்ததும் பாதி வகுப்பு தூங்கிவிடும். கண்ணாடி மட்டும் கொட்டக் கொட்ட விழித்திருப்பாள். யாருடைய உருவப்படத்தைக் காட்டினாலும் ஒரே கேள்விதான்: "இதை வரையும்போது இவங்க உயிரோட இருந்தாங்களா சார்?" ஒளி, நிழல், பாணி என்று நான் தொண்டை வற்றப் பேசி முடித்த பிறகும் அதே கேள்வி. முதலில் எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது.

காரணத்தை ஒருநாள் தூரிகை கழுவிக்கொண்டே சொன்னாள். அவள் அக்கா காய்ச்சலில் இறந்துபோனவள். வீட்டில் மிஞ்சியது அடையாள அட்டைக்கு எடுத்த படம் ஒன்றுதான். அதிலும் விறைத்த முகம். "அம்மா அதைப் பாக்கவே மாட்டாங்க சார். அவ சிரிக்கிற மாதிரி வரைஞ்சு குடுடி, அதுக்குத்தானே நீ படிக்கறதுன்னாங்க."

போன வருடம் வரைந்து கொடுத்திருக்கிறாள். அம்மா ஒரு பார்வை பார்த்து, "இது அவ இல்ல," என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாராம்.

"அக்கா போனதுக்கப்புறம் அம்மா என் முகத்தையும் பாக்கறதில்ல சார். சாப்பிட்டியான்னு கேக்கறதுகூட தட்டைப் பாத்துத்தான்." சொல்லிவிட்டுத் தூரிகையை உதறினாள்.

இறுதியாண்டுப் படத்துக்கும் அக்காவையே எடுத்தாள். உதடு வந்தது, சிரிப்பு வரவில்லை. இல்லாதவளைச் சிரிக்கச் சொல்ல முடியாதே. கடைசியில் வட்டக் கண்ணாடியைத் தாங்கியின் ஓரத்தில் ஒட்டி, தானே சிரித்துப் பார்த்து வரைந்தாள். கூடப் பிறந்தவள்தானே, சிரிப்பு ஒன்றாகத்தான் இருக்கும் என்று கணக்கு. ஆளில்லாத கூடத்தில் அவள் தனக்குத்தானே சிரிப்பதையும், உடனே முகம் இறுகித் தூரிகையை எடுப்பதையும் படியில் நின்று பார்த்தேன். மேலே ஏறிப்போக மனம் வரவில்லை.

சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் அதற்கு ஏற்றபடி கன்னம் மாறியது, கண் மாறியது. முடிந்தபோது படத்தில் இருந்தது அச்சு அசலாக இவளேதான். பார்த்த எல்லோருக்கும் அது தெரிந்தது. கோணல் தேடியே பழகிய இவளுக்கு மட்டும் தெரியவில்லை. "இந்தத் தடவை அக்கா வந்துட்டா சார்," என்றாள். இது நீதான் என்று சொல்லும் தைரியம் எனக்கில்லை.

கண்காட்சி அன்று அம்மா வேலை உடுப்போடு நேராக வந்தார். படத்தின் முன்னால் வெகுநேரம் நின்றார். பக்கத்தில் கண்ணாடி, விரல்களைப் பின்னிக்கொண்டு நின்றாள்.

"இது அவ இல்லடி."

அவள் முகம் செத்துப்போனது. "சரிம்மா. கழட்டிடறேன்," என்று ஆணியிலிருந்து படத்தை எடுக்கக் கை நீட்டினாள்.

அம்மா அந்தக் கையைப் பிடித்து நிறுத்தினார். "இரு. இது நீயில்ல?" குரல் தணிந்தது. "எப்படி இளைச்சுப் போயிருக்கே. எப்பலேர்ந்துடி இப்படி?"

பிடித்த கையை விடாமல் அம்மா படத்தைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்துவிட்டு அவள் முகத்துக்கே திரும்பினார். கண்ணாடியோ, கன்னத்தில் வழிந்ததைத் துடைக்காமல், நெற்றியில் விழுந்த முடியையும் ஒதுக்காமல், வரைகிறவருக்கு எதிரே உட்கார்ந்தவளைப் போல அசையாமல் நின்றாள்.