சாமி அறையில் பத்து ஆம்பியர்

என் தம்பிக்கு எதையும் முழுதாகப் படிக்கும் பொறுமை கிடையாது. செமோரில் அவன் வீட்டுக்குப் பின்னாலிருந்த ரப்பர் தோட்டத்தை அழித்துச் செம்பனை நட்டபோது, அங்கிருந்த முனியாண்டியின் அரிவாள் துருவோடு அவனிடம் வந்து சேர்ந்தது. சாமி அரிவாளை உப்புத்தாள் போட்டுத் தேய்க்கக் கூடாதாம். ஏதோ வீடியோவைப் பார்த்துவிட்டு மின்னாற்பகுப்பில் இறங்கினான். பீப்பாயில் பாதிக்குச் சலவைச் சோடாத் தண்ணீர், அதற்குள் அரிவாள், லாரி பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றும் பெட்டி. ஒரு நாள் காலை பதினொரு மணிக்குக் குமிழி கிளம்புவதைப் படமெடுத்து அனுப்பினான். "பத்து ஆம்பியர் ஓடுது கா, சூப்பர் லா!"

நான் ஈப்போவில் வேதியியல் டியூஷன் எடுக்கிறவள். அன்று மாலை விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். ஒருத்தி மணியை விநாடியாக மாற்றாமலே பெருக்கியிருந்தாள். எரிச்சலோடு சிவப்பு மையில் சுழித்தபோது தம்பியின் ஞாபகம் வந்தது. சும்மாதான் ஓரத்தில் அவன் பீப்பாய்க் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். ஏழு மணியோடு எட்டு மணி நேரம். 28,800 விநாடியைப் பத்தால் பெருக்கினால் 2,88,000 கூலும். 96,500ஆல் வகுத்தால் ஏறக்குறைய மூன்று மோல் எலக்ட்ரான். அரிவாளில் குமிழியாகக் கிளம்புவது ஹைட்ரஜன்; அதன் ஒரு மூலக்கூறுக்கு இரண்டு எலக்ட்ரான் வேண்டும், ஆக ஒன்றரை மோல் வாயு. முப்பத்தாறு லிட்டர். வெளியில் வைத்திருந்தால் காற்றோடு போய்விடும். ஆனால் அவனை நம்ப முடியாது. போனில் கூப்பிட்டேன்.

"பீப்பாய எங்கடா வெச்சிருக்க?"

"சாமி அரிவாள கக்கூஸ் பக்கமா வெப்பாங்க? சாமி ரூம்லதான். பிள்ளைங்க கை வெச்சிரும்னு மூடிய இறுக்கிட்டேன்."

மூடிக்கு அடியில் அத்தனை ஹைட்ரஜனும் காற்றோடு கலந்து நிற்கிறது. வெடிக்க ஒரு பொறி போதும்.

"உன் பொண்டாட்டி எங்க?"

"விளக்கேத்திட்டா. அரிவாளுக்குச் சூடம் காட்டப் போறா."

"ஓடுடா! மூடியத் தொறக்க விடாத!"

அவன் கத்திக்கொண்டு ஓடுவது கேட்டது. பிறகு பித்தளைத் தட்டு தரையில் விழுந்து உருண்டது. அதன்பின் எதுவும் கேட்கவில்லை. இன்னொரு சத்தத்துக்காகப் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றேன்.

அழுகைதான் வந்தது, தம்பி மனைவியின் குரலில்.

"மூடிய பாதி தொறந்துட்டேன் அண்ணி, அதுக்குள்ள சூடத்தத் தட்டிவிட்டு மிதிச்சிட்டாரு. சாமி சூடம்! என்ன கெட்டது நடக்கப் போவுதோ?"

"முதல்ல எல்லாரும் வெளிய ஓடுங்க, விளக்கு இன்னும் எரியுது!" என்றேன்.