முன் அனுபவம்: இல்லை

நாற்பத்து நாலு வயதுக்காரி ஒருத்தி ரப்பர் பொம்மையைக் குளிப்பாட்டப் படிக்கிறாள் என்று அந்தத் தெரு முழுக்கச் சிரித்தது. சிரிக்கட்டும். சிரித்தவர்களில் ஒருவராவது அடெல்ஃபா வீட்டில் போய் ஒரு வேளை சாப்பிட்டிருந்தால் வாயை மூடியிருப்பார்கள். தனக்கு மட்டும் ஒரு பிடி அரிசி போட்டு, அதையும் அடுப்படியில் நின்றபடியே தின்று முடித்துத் தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிடுவாள். மேசையில் உட்கார்ந்தால் எதிர் நாற்காலி கண்ணில் படும் அல்லவா!

அது மீகோவின் நாற்காலி. தங்கை ரொவேனா மிலானுக்கு வீட்டு வேலைக்குப் போனபோது நாலு மாதக் குழந்தையாக விட்டுப் போன பிள்ளை. ஒன்பது வருஷம் அடெல்ஃபாதான் வளர்த்தாள். அவளைத்தான் அம்மா என்றான். போன ஜூனில் ரொவேனா வந்து கூட்டிக்கொண்டு போய்விட்டாள். பெற்றவள் கேட்டால் இல்லையென்று சொல்ல முடியுமா? இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் கைபேசியில் முகம் காட்டுகிறான். "பெரியம்மா, சாப்பிட்டியா?" என்கிறான். அம்மா எந்த வாரம் பெரியம்மா ஆனாள் என்று அவளுக்குத் தெரியவில்லை. கேட்கவும் இல்லை.

அதற்குப் பிறகுதான் லுசேனா நகரத்தில் இருக்கும் பயிற்சிக்கூடத்தில் குழந்தைப் பராமரிப்பு வகுப்பில் சேர்ந்தாள். மற்றவர்கள் எல்லாம் இருபது வயதுப் பெண்கள், ஹாங்காங்கும் துபாயும் பேசுகிறவர்கள். அடெல்ஃபாவுக்கு வெளிநாடு வேண்டாம். காலையில் எழுந்து போக ஓர் இடம் வேண்டும், அங்கே குழந்தைகள் இருக்க வேண்டும். அது கிடைக்காவிட்டால் அந்த வீட்டுக்குள்ளேயே பைத்தியம் பிடித்துவிடும் என்று பயந்தாள்.

படிப்பு முடிந்து வேலைக்கான விண்ணப்பத்தாள் நிரப்பும் நாளில் 'முன் அனுபவம்' என்ற இடத்தில் அவள் பேனா நின்றது.

"வேலை பார்த்த இடத்துக் கடிதம் ஏதாவது இருக்கா அக்கா?" என்றாள் பயிற்சி கொடுக்கும் கிறிஸ்டெல். அவளுக்கே இருபத்தாறு வயதுதான்.

"ஒன்பது வருஷம் ஒரு பிள்ளைய வளர்த்தேன்மா. அதுக்கு யாரு கடிதம் தருவா?"

"அப்போ 'இல்லை'ன்னு எழுதுங்க. வேற வழியில்ல."

எழுதினாள். மை காய்வதற்குள் தாளைக் கவிழ்த்து வைத்தாள்.

"நேர்காணலுக்குப் போறப்ப கைய நல்லா சோப்புப் போட்டு இருபது எண்ற வரைக்கும் கழுவணும். குழந்தையோட கழுத்தத் தாங்கிப் பிடிக்கணும்," என்று கிறிஸ்டெல் அடுக்கினாள். "இன்னொண்ணு அக்கா, எச்சில் தொட்டு வெக்கவே கூடாது. தெரியாத்தனமா வெச்சீங்க, வேலை அவுட்!"

வகுப்பே கொல்லென்று சிரித்தது. அந்தப் பழக்கம் இல்லாதவள் அங்கே எவள்? புது முகம் ஒன்று குழந்தையைப் பார்த்து அழகு என்று சொல்லிவிட்டால் அதன் சூடு குழந்தைக்குள் இறங்கி, வயிறு பிசைந்து, விடாமல் அழும். அதுதான் உசோக். சொன்னவளே பெருவிரலை எச்சில் தொட்டுக் குழந்தையின் பாதத்தில் தடவி, "புவேரா உசோக்", அதாவது உசோக்கே விலகிப் போ என்று சொன்னால்தான் விடும். வேறு யார் தடவினாலும் பலிக்காது.

அடெல்ஃபா நேர்காணலுக்குப் போன குழந்தைகள் காப்பகத்தை நடத்தும் திருமதி பனலிகன் அதிகம் பேசாதவர். எட்டு மாதக் குழந்தை பியாவைத் தூக்கி அடெல்ஃபாவிடம் நீட்டினார். எத்தனை மாதத்துக்குப் பிறகு ஒரு சதைக் குழந்தை! "அடி என் அழகே, கன்னத்தப் பாரேன்!" என்று வாய் முந்திக்கொண்டது. பெருவிரல் உதடு வரைக்கும் போயே விட்டது. திருமதி பனலிகன் பார்த்துக்கொண்டிருந்தார். விரல் அப்படியே திரும்பிப்போய்க் காதோர முடியை ஒதுக்கியது.

"திங்கட்கிழமை வந்து சேர்ந்துக்கோ," என்றார் அவர்.

வெளியே வந்ததும் கால் தரையில் பாவவில்லை. போகிற வழியில் ஒரு பொட்டலம் பன்சித் நூடுல்ஸ் வாங்கி, இன்றைக்காவது மேசையில் உட்கார்ந்து சாப்பிடுவது என்று நினைத்தாள். ஆள் ஏற்றும் ஜீப்னி வண்டி வந்து நின்றது. அப்போதுதான் உள்ளே பியா வீறிட்டாள். பசி அழுகை இல்லை, தூக்க அழுகை இல்லை. அடெல்ஃபாவுக்கு அழுகை தெரியாதா?

"ஏறுறியா இல்லையா அக்கா?" என்று ஓட்டுநர் கத்தினான்.

திரும்பிப் போனால் வேலை போய்விடும். அது அவளுக்கு நன்றாகவே தெரியும். போனாள்.

வாசலில் பியாவைக் கூட்டிப்போக வந்த அவள் தாய், குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் திருமதி பனலிகன்.

"என்ன, எதையாவது மறந்துட்டியா?"

"நான்தான் மேடம் அழகுன்னு சொன்னேன். எச்சில் வெக்கல."

"ஐயோ, அவ்வளவுதானா! வெச்சு விடுங்க அக்கா," என்று அந்தத் தாய் குழந்தையின் காலை நீட்டிவிட்டாள்.

"என் வாசலுக்கு உள்ள கூடாது," என்றார் திருமதி பனலிகன்.

தாயும் குழந்தையும் அடெல்ஃபாவும் வாசலைத் தாண்டித் தெருவில் நின்றார்கள். அவள் விரலை எச்சில் தொட்டுப் பாதத்தில் தடவிச் சொல்ல வேண்டியதைச் சொன்னாள். பியா இன்னும் கொஞ்சம் அழுதாள், விக்கினாள், ஓய்ந்தாள். தாயும் பிள்ளையும் வாடகை டிரைசைக்கிளில் ஏறிப் போனார்கள்.

"இங்க பன்னெண்டு குழந்தைங்க. ஒவ்வொண்ணு அழறப்பவும் தெருவுல இருந்து ஓடி வருவியா?" என்று திருமதி பனலிகன் வாசலில் நின்றபடி கேட்டார்.

"ஒரு தடவ வராம இருந்தேன் மேடம். மணிலா விமான நிலையத்துல, நான் வளர்த்த பிள்ளை அழுதப்ப. 'திரும்பிப் பாக்காம போயிடு, பாத்தா அவன் ஏற மாட்டான்'னு தங்கச்சி சொன்னா. அவன் பின்னாடி கத்திக்கிட்டே இருந்தான். நான் போயிட்டேன். இனிமே என்னால அப்படிப் போக முடியாது. வேலை இல்லேன்னா இல்லைன்னு சொல்லிடுங்க."

திருமதி பனலிகன் அவளையே பார்த்தார். குரல் இறங்கியது.

"இங்க தினமும் சாயங்காலம் பன்னெண்டும் உன்னை விட்டுட்டுப் போயிடும். அதத் தாங்குவியா நீ?"

"காலைல திரும்பி வருமே மேடம்," என்றாள் அடெல்ஃபா.

 அவர் கதவைச் சாத்திக்கொண்டே, "திங்கட்கிழமை ஆறு மணிக்கே வந்துடு. முதல் குழந்தை ஆறரைக்கு வந்துடும்," என்றார்.