கோலுக்கு வெளியே போன பந்துகள்

அவித்த முட்டையின் ஆவி, வலித் தைலத்தின் காரம், ஈரம் காயாத காலுறைகளின் புளித்த நெடி, இவை மூன்றும் கலந்த ஒரு வாசனை படப்பையில் நாங்கள் குடியிருந்த வீட்டின் முன்னறையில் எப்போதும் தேங்கி நிற்கும். வெளியாள் யாராவது வந்தால் மூக்கைச் சுளிப்பார்கள். எனக்கோ அதுதான் வீட்டின் வாசனை. அப்பா, ஒரகடம் சாலையிலிருந்து உள்ளே தள்ளியிருந்த ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் உடற்கல்வி இயக்குநர். மாணவர்கள் வாயில் "பி.டி. சார்". கல்லூரியின் கால்பந்து அணிக்கு அவர்தான் பயிற்சியாளர், அடிபட்டால் வைத்தியர், பசித்தால் சோறு போடுகிறவர். விடியுமுன் அம்மா பெரிய குண்டானில் முட்டை வேகவைப்பாள். அப்பா அதை ஒரு பையில் போட்டு வண்டியில் மாட்டிக்கொள்வார். பள்ளி விடுமுறை நாளென்றால் நானும் பந்து மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் தொற்றிக்கொள்வேன்.

அப்பா கடுமையான ஆள். அதை நான் மூடி மறைக்கப் போவதில்லை. மணிமங்கலத்தில் நெல் போட்டு வாழ்ந்த குடும்பத்திலிருந்து பந்தாட்டத்தைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தவர் அவர். அவருக்கு ஆட்டம் சொல்லிக்கொடுத்தவர் பிரம்பு இல்லாமல் மைதானத்துக்கு வரமாட்டாராம். "எங்க மாஸ்டரு கைல அடி வாங்காத நாளே கெடையாது. அந்த அடிலதான் நான் ஸ்டேட் வரிக்கும் ஆடினேன்" என்று அப்பா சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு பெருமை வரும். வீட்டுக்கு வரும் உறவினர்கள், பையன்களோடு வரும் பெற்றோர்கள், எல்லோரிடமும் அந்த இரண்டு வாக்கியங்களைச் சொல்லியிருக்கிறார்.

ஆனால் அந்த நாட்களில் அவருடைய கத்தலைப் பையன்கள் வேறு மாதிரி எடுத்துக்கொண்டார்கள். அணியின் கேப்டன் ஏழுமலை, வல்லக்கோட்டைக்காரன், அப்பா போலவே இடுப்பில் கைவைத்து, கழுத்து நரம்பு புடைக்க, "இன்னாடா நடந்துகினு போற, இன்னா உங்க மாமியார் வூட்டு விருந்தா?" என்று மிமிக்ரி செய்வான். ஒருமுறை அப்பா பின்னால் வந்து நின்றதை அவன் கவனிக்கவில்லை. மற்றவர்கள் சிரிப்பை அடக்க முடியாமல் புல்லில் உருண்டார்கள். அப்பா அவன் காதைத் திருகிவிட்டு, "கழுத்த இன்னும் கொஞ்சம் சாச்சுக்கோடா" என்றார். அன்று எல்லோருக்கும் ஒரு முட்டை கூடுதலாகக் கிடைத்தது. ஏழுமலை டெங்குவில் கிடந்தபோது ஆஸ்பத்திரியில் அவன் கட்டிலருகே உட்கார்ந்திருந்தது அப்பாதான் என்பது அவர்கள் எல்லோருக்கும் தெரியும். அதனால் திட்டு ஒரு பக்கம் இருந்தாலும் மரியாதை தன்பாட்டுக்கு இருந்தது. ஒரு மனிதரை அவர் முதுகுக்குப் பின்னால் ஆசையாக நடித்துக் காட்டுகிறவர்கள் அவரை மதிக்கிறார்கள் என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை, பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

கோல்கீப்பர் சரவணன் பிள்ளைப்பாக்கத்துப் பையன். அவனுக்கு அப்பா இல்லை. அம்மா ஒரு கார் உதிரிபாகக் கம்பெனியின் கேன்டீனில் ஷிப்ட் வேலை பார்த்தார். அவன் அதிகம் பேசமாட்டான். பயிற்சி முடிந்ததும் எனக்குப் பந்து பிடிக்கக் கற்றுத்தருவான். "பந்தப் புடிக்கப் போவாத பாப்பா. வரும்போது வாங்கிக்கோ, யாராச்சும் கொயந்தயக் கைல குடுத்தா எப்டி வாங்குவ, அப்டி" என்பான். அணியில் பாதிப்பேர் அவனைப் போல விளையாட்டு ஒதுக்கீட்டில் கட்டணமில்லாமல் சேர்ந்தவர்கள். அணியை விட்டால் படிப்பையும் விடவேண்டும்.

நான் ஏழாம் வகுப்பு படித்த வருடம் கல்லூரிக்குப் புதிய நிர்வாகி வந்தார். சுற்றிலும் கம்பெனிகள் பெருகிக்கொண்டிருந்த நேரம். கோப்பை ஜெயித்தால் பத்திரிகையில் படம் வரும், படம் வந்தால் மாணவர் சேர்க்கை கூடும், கம்பெனி அணிக்கு ஆள் எடுக்கிறவர்களும் வருவார்கள் என்பது அவர் கணக்கு. அந்த வருட மண்டலப் போட்டியின் இறுதி ஆட்டத்தில் அப்பாவின் அணி ஆடியது. மழை பெய்துகொண்டிருந்தது. ஆட்டம் முடியும் தறுவாயில் எங்கிருந்தோ மெதுவாக வந்த ஒரு பந்து சரவணனின் கையிலிருந்து நழுவி, கால்களுக்கிடையே உருண்டு கோட்டைத் தாண்டிவிட்டது. பையன்கள் சேற்றில் உட்கார்ந்து அழுதார்கள். அப்பா ஒவ்வொருவனாகத் தூக்கி நிறுத்திக்கொண்டிருந்தபோது, நிர்வாகி குடையோடு வந்து, அவர்கள் அத்தனை பேர் முன்னிலையிலும், "சம்பளம் வாங்குறது இதுக்குத்தானா? முடியலைன்னா சொல்லிடுங்க, வேற ஆள் பாத்துக்கறேன்" என்றார். அப்பா தலை குனிந்து நின்றார். அவரை அப்படி நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அம்மா முட்டை வேகவைக்க எழுந்தபோது, "இன்னிக்கு ஒண்ணியும் வேணாம்" என்றார் அப்பா. நான் பந்து மூட்டையோடு ஏறிக்கொண்டேன். மைதானத்தில் பையன்களை வரிசையாக நிற்கவைத்தார். சரவணனைக் கோலில் போய் நிற்கச் சொன்னார்.

"உங்கம்மா கேன்டீன்ல தட்டு கய்வுறாங்கல்ல? அவங்க கைலேர்ந்து ஒரு தட்டாச்சும் வழுக்குமாடா? உனக்குப் பந்து வழுக்குதா?"

சரவணனின் முகம் சிவந்து, பிறகு வெளுத்தது. வரிசையில் யாரும் அசையவில்லை. அவர்களில் பலருடைய அம்மாக்களும் அக்காக்களும் அதே மாதிரி ஏதோ ஒரு கம்பெனியின் நீலத் தகரக் கூரைக்கடியில் நின்று வேலை பார்க்கிறவர்கள்.

அப்பா பந்தைப் பெனால்டி இடத்தில் வைத்தார். "ஒவ்வொருத்தனா வந்து அடிங்கடா. அவன் மூஞ்சியப் பாத்து அடிங்க. ஒண்ணு புடிக்கட்டும், இல்ல மூஞ்சில வாங்கட்டும். அப்பதான் உறைக்கும்."

முதலில் வந்தவன் ஏழுமலை. பெனால்டியை அவன் தவறவிட்டு நான் பார்த்ததேயில்லை. ஓடிவந்து அடித்தான். பந்து கம்பத்துக்கு வெகுதூரம் தள்ளிப் போய் முள்வேலியில் முட்டியது. "கண்ணு தெர்லயாடா?" என்றார் அப்பா. அடுத்தவன் அடித்தது கோலுக்கு மேலே போயிற்று. அதற்கடுத்தவன் அடித்தது இடப்பக்கம், வெளியே. நாலாவது ஆள் பந்தை நோக்கி நடந்து வந்தபோதுதான் எனக்குப் புரிந்தது. அவர்கள் யாரும் பேசி வைத்துக்கொள்ளவில்லை, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவுமில்லை. ஆனால் ஒருவன் பாக்கியில்லாமல் எல்லோரும் வெளியே அடித்தார்கள். அப்பா "எருமைங்களா, நேத்தோட காலும் போச்சா?" என்று கத்தினார். அவருக்குப் புரியவில்லை. இத்தனை வருடம் அந்தக் கால்களைப் பழக்கியவருக்கு, அவை வேண்டுமென்றே தவறுகின்றன என்பது மட்டும் புரியவில்லை.

கடைசியில் அவரே பந்தை வைத்து அடித்தார். சரவணன் இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான். பந்து நேராக மூக்கில் போய் அறைந்தது. ரத்தம் உதட்டில் இறங்கி, முகவாயில் சொட்டி, பனியனில் விழுந்தது. அவன் துடைக்கவில்லை. பந்தை எடுத்துக்கொண்டு நடந்து வந்து அப்பாவின் காலடியில் வைத்தான்.

"போதுமா சார்?"

நான் என் தண்ணீர் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். சரவணன் அதை வாங்காமல், "வேணாம் பாப்பா" என்று சொல்லிக் குழாயடிக்குப் போனான். "கய்விகினு வா, ஆரம்பிக்கலாம்" என்றார் அப்பா. அவன் கழுவிக்கொண்டு வந்தான். ஆரம்பித்தார்கள்.

அவர்கள் மறுநாளிலிருந்து வராமல் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். வந்தார்கள். முன்பைவிட நேரத்துக்கு வந்தார்கள். ஓடு என்றால் ஓடினார்கள், நில் என்றால் நின்றார்கள், கேட்டதற்கு "சரி சார்" என்றார்கள். ஏழுமலை மிமிக்ரி செய்யவில்லை. நான் போனால் "வா பாப்பா" என்று சொல்லிவிட்டு, பேசிக்கொண்டிருந்த பேச்சை நிறுத்திக்கொள்வார்கள். அம்மா கொடுத்தனுப்பிய முட்டைகள் பையில் அப்படியே திரும்பி வந்தன. சாப்பிட்டுவிட்டோம், வயிறு சரியில்லை, விரதம் என்று ஒவ்வொருவரும் ஒரு காரணம் சொன்னார்கள். எனக்குப் பந்து பிடிக்கக் கற்றுத்தரும் நேரத்தில் சரவணன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்குப் போய்விடுவான்.

இதில் எல்லாவற்றையும்விட என்னைக் கலங்கடித்தது அப்பாவின் சந்தோஷம். ராத்திரி சாப்பிடும்போது அம்மாவிடம், "பாத்தியா சாந்தி, ஒரே நாள்ல பசங்க எப்டி ஒயுங்குக்கு வந்துட்டானுங்க. எதிர்த்து ஒரு வார்த்த கெடையாது" என்றார்.

அம்மா முட்டைகளை உரித்துக் குழம்பில் போட்டுக்கொண்டிருந்தாள். "ஒயுங்கா அது? அன்னிக்குப் பாப்பாவக் கொண்டாந்து வுட்டுட்டுப் போனானே ஏழுமலை, வாசல்லியே நின்னுட்டு அப்டியே போய்ட்டான். தண்ணி கூட வேணான்றான். சாவு வூட்டுக்கு வந்தவன் மாரி போறான்."

"உனக்கு இன்னா தெரியும் ஆட்டத்தப் பத்தி" என்றார் அப்பா.

அடுத்த போட்டி காஞ்சிபுரத்தில் நடந்தது. அம்மாவும் நானும்கூடப் போயிருந்தோம். ஏழுமலைக்கு முன்னால் மைதானம் திறந்து கிடந்தது; இடப்பக்கம் ஆளே இல்லை; ஆனாலும் அவன் பந்தைக் காலடியில் நிறுத்திவிட்டு அப்பாவைத் திரும்பிப் பார்த்தான். அப்பா கத்தியபின் அடித்தான். அதற்குள் எதிரணி வந்துவிட்டது. எல்லோரும் அப்படித்தான் ஆடினார்கள். அப்பா சொன்னதைச் செய்தார்கள், சொல்லாததைச் செய்யவில்லை. சரவணன் பிடிக்கக்கூடிய பந்துகளைப் பிடித்தான், மற்றவற்றுக்குப் பாயவில்லை. முதல் சுற்றிலேயே, எண்ணிச் சொல்லக் கூச்சமாக இருக்கும் அளவுக்குக் கோல் வாங்கித் தோற்றார்கள்.

திரும்பும் வழியில் கல்லூரி பஸ்ஸில் யாரும் அழவில்லை. பிஸ்கட் பாக்கெட்டைக் கைமாற்றிக்கொண்டார்கள். எந்தக் கம்பெனியில் டிரெய்னி எடுக்கிறார்கள், எங்கே ஓ.டி. நிறையக் கிடைக்கும் என்று பேசிக்கொண்டார்கள். அப்பா முன்சீட்டிலிருந்து எழுந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு, திட்ட ஆரம்பித்தார். பேச்சு உடனே நின்றது. எல்லா முகங்களும் அவரைப் பார்த்தன. எந்த முகத்திலும் கோபம் இல்லை, வெட்கம் இல்லை, வருத்தமும் இல்லை. கம்பெனி லைனில் நிற்கிறவர்கள் சூப்பர்வைசர் பேசி முடிக்கக் காத்திருப்பது போலக் காத்திருந்தார்கள். அப்பா பாதி வாக்கியத்தில் நிறுத்தினார். பிறகு உட்கார்ந்து, சுங்குவார்சத்திரம் தாண்டும்வரை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். அம்மா அவர் கையைத் தொட்டாள். அவர் கையை இழுத்துக்கொண்டார்.

அவருக்கு அன்று புரிந்துவிட்டது என்றுதான் நினைக்கிறேன். ஆனால் புரிந்ததை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. மன்னிப்புக் கேட்பதை அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை. கத்துவதை மட்டும் சொல்லித்தந்திருந்தார்கள். அதனால் இன்னும் அதிகமாகக் கத்தினார். கம்பெனி அணிக்கு ஆள் எடுக்க வந்த நாளில் சரவணன் கல்லூரிக்கே வரவில்லை. அந்த வருடப் படிப்பு முடிந்ததும் அவர்கள் எல்லோரும் போனார்கள். போகும்போது ஒருவர்கூட வீட்டுக்கு வரவில்லை. நிர்வாகி கால்பந்தை நிறுத்திவிட்டு அந்தப் பணத்தில் விளம்பரப் பலகைகள் வைத்தார். அப்பா ஓய்வு பெறும்வரை விளையாட்டு அறையில் கேரம் பலகைகளுக்குக் காவல் இருந்தார். என் கல்யாணத்துக்கு அவர் தன் கையால் எழுதி அனுப்பிய பத்திரிகைகள் அந்தப் பையன்கள் எல்லோருக்கும் போய்ச் சேர்ந்தன என்பது எனக்குத் தெரியும். மண்டபத்து வாசலையே அவர் பார்த்துக்கொண்டிருந்தார். யாரும் வரவில்லை.

போன கிருத்திகைக்கு அப்பாவை வல்லக்கோட்டைக் கோயிலுக்கு என் ஸ்கூட்டரில் அழைத்துப் போயிருந்தேன். அம்மா போனபின் அவர் அதிகம் வெளியே வருவதில்லை. பிரகாரத்தில் ஒரு சிறுவன் அர்ச்சனைத் தட்டு எலுமிச்சம்பழத்தை மேலே போட்டுப் போட்டுப் பிடித்துக்கொண்டிருந்தான். அவன் பக்கத்தில் நின்ற ஆளை அப்பாதான் முதலில் அடையாளம் கண்டார்.

"டேய் சரவணா!"

சரவணனின் முதுகு விறைத்தது. கைகள் பின்னால் போய்க் கட்டிக்கொண்டன. கண் தரையைப் பார்த்தது. காதோரம் நரைத்த, தொப்பை வைத்த ஒரு மனிதன் ஒரு நொடிக்குள் வரிசையில் நிற்கும் பையனாகிவிட்டான்.

"நல்லாக்கிறியாடா?"

"நல்லாக்கிறேன் சார்."

"வேல?"

"கீது சார்."

"அம்மா?"

"இல்ல சார். போய்ட்டாங்க."

அப்பா தூணைப் பிடித்துக்கொண்டு செருப்பு விட்ட இடத்தைத் தேடிப் போனார். சிறுவன் சரவணனின் சட்டையை இழுத்து, "யாருப்பா அவரு?" என்றான்.

"காலேஜ்ல இருந்தவரு" என்றான் சரவணன்.

அவன் அதை வெறுப்போடு சொல்லவில்லை. வாட்ச்மேனையோ பஸ் டிரைவரையோ சொல்வது போலச் சொன்னான். நான் பேச்சை மாற்ற, "பையனுக்கு அப்டியே உங்க கை. ஆடுறானா?" என்று கேட்டேன்.

"பந்துன்னா உசுர வுடுறான் பாப்பா. நான்தான் வுடல." மகனின் தலையைத் தடவியபடி அவனைப் பார்த்தான். "ஆட வுட்டா, கத்துக் குடுக்க எவனாச்சும் ஒர்த்தன் வந்துடுவானே."

திரும்பும்போது அந்தக் கல்லூரிச் சாலை வழியாகத்தான் வந்தோம். கல்லூரி இப்போது இல்லை. மைதானத்தைத் தார் போட்டு, சுற்றிலும் வேலி கட்டி, விற்பனைக்குப் போகவிருக்கும் புதுக் கார்களை வெள்ளை வெள்ளையாக வரிசையில் நிறுத்தியிருக்கிறார்கள். கோல் எந்தப் பக்கம் இருந்தது என்று எனக்கே பிடிபடவில்லை. அப்பா அந்தப் பக்கம் திரும்பவில்லை. கொஞ்ச தூரம் போனபின் என் தோளில் கைவைத்துக் காதருகே குனிந்தார்.

"அந்தப் பையன் எலுமிச்சம்பயத்தப் புடிச்சத பாத்தியா? நல்ல கை கீது அவனுக்கு. நாயித்துக்கெயம ஆனா அனுப்பச் சொல்லு. நான் கத்துத் தரேன்னு சரவணங்கிட்ட சொல்றியா?"

"சொல்றேம்ப்பா" என்றேன்.