மூன்றாவது சாவி

பேருந்து நிலையத்தில் தொலைந்த பொருள் கவுண்டரில் இருபத்திரண்டு வருடம் உட்கார்ந்தவளுக்குக் ‘குடைக்காரி’ என்றே பெயர் நிலைத்துவிட்டது. ஒரே கறுப்புக் குடைக்கு நாலு பேர் வந்து நின்றாலும், கைப்பிடியில் என்ன கீறல், எந்தக் கம்பி வளைந்திருக்கிறது என்று இரண்டு கேள்வி கேட்டு உரியவரிடம் கொடுத்துவிடுவாள். அந்தக் கவுண்டரை மூடிய மாதம்தான் தம்பி மடிக்கணினியோடு வந்தான்.

தனியாக வேலை எடுத்துச் செய்பவர்களுக்கும் வேலை கொடுப்பவர்களுக்கும் நடுவே ஒரு தளத்தை அவன் பிளாக்செயினில் கட்டிக்கொண்டிருந்தான். வேலை கொடுப்பவர் கூலியை முன்கூட்டியே போட்டுவிட வேண்டும். முடிந்தபின் இருவரும் ஆளுக்கொரு மின்சாவியால் கையெழுத்திட்டுச் சம்மதித்தால் அது செய்தவருக்குப் போகும். தகராறு வந்தால், மூன்றாவது சாவி வைத்திருப்பவர் யார் பக்கம் கையெழுத்திடுகிறாரோ அவருக்கு.

“அந்த மூணாவது சாவி நீதான்க்கா.”

“எனக்குத் தலையும் புரியல, வாலும் புரியலடா. பணம் எந்த பேங்குல இருக்கு?”

“எந்த பேங்குலயும் இல்ல. ஏகப்பட்ட கம்ப்யூட்டர்ல ஒரே கணக்கு எழுதியிருக்கும். யாராலயும் அழிக்க முடியாது.”

“அப்ப எங்கதான் இருக்கு?”

“நடுவுல இருக்குன்னு வச்சுக்கயேன்.”

தளம் தொடங்கிய மூன்றாம் வாரம் முதல் தகராறு வந்தது. ஒரு மருத்துவமனை மேலாளர் லிஃப்ட் அறிவிப்புக்கு ‘மெதுவாக, அமைதியாக’ ஒரு குரல் கேட்டிருந்தார். குரல் கொடுக்கும் ஒருத்தி பதிவு செய்து அனுப்பினாள். அவர் சோதனைக்குப் போட்டுப் பார்த்துவிட்டுக் கூலியை விட மறுத்தார்.

குடைக்காரி இருவருக்கும் போன் செய்தாள்.

“எழவு வீட்டுல பேசுற மாதிரி இருக்கும்மா,” என்றார் மேலாளர். “பயந்துபோய் ஜனங்க படியில ஏறுறாங்க.”

“மெதுவான்னார், மெதுவா பேசினேன். அமைதியான்னார், அமைதியா பேசினேன்,” என்றாள் குரல்காரி. “சந்தோஷமான்னு எழுதலையே.”

அந்தப் பதிவில் ‘கதவு மூடுகிறது’ என்பதைக் குடைக்காரி பதினோரு முறை கேட்டாள். காலையில் கேட்டால் இதமாக இருந்தது. மதியம் தூங்கி எழுந்து கேட்டால் எழவு வீடுதான் ஞாபகம் வந்தது.

“ஆளுக்குப் பாதியா குடுத்துடலாமாடா?”

“அதுக்கு வழி வைக்கலக்கா. புரோகிராம எல்லா கம்ப்யூட்டர்லயும் ஏத்தியாச்சு, இனி நானே நெனச்சாலும் மாத்த முடியாது.”

“நீதானேடா எழுதின?”

“நான்தான்.”

ஏழு நாளில் அவள் முடிவு சொல்லாவிட்டால் பணம் மேலாளருக்கே திரும்பிவிடும். ஆறாம் நாள் இரண்டு பஸ் மாறி அந்த மருத்துவமனைக்குப் போய், லிஃப்டில் ஒரு மணி நேரம் ஏறி இறங்கினாள். முக்கால்வாசிப் பேர் இன்னும் ஓடிக்கொண்டிருந்த அந்தக் குரலைக் காதிலேயே வாங்கவில்லை. ஒரு பெரியவர் மட்டும் லிஃப்ட் திறந்தும் படிப்பக்கம் திரும்பினார். ஓடிப்போய் ஏன் என்று கேட்டாள்.

“டாக்டர் நடக்கச் சொல்லியிருக்கார்மா.”

வந்ததற்கு இருந்த தெளிவும் போயிற்று. மறுநாள் காலை, கேட்டதைத்தானே செய்திருக்கிறாள் என்று குரல்காரி பக்கம் கையெழுத்திட்டாள். மேலாளர் இனி இந்தப் பக்கமே வரமாட்டேன் என்று எழுதிவிட்டுப் போனார். குரல்காரியோ, யாரும் கேட்காமலே, கொஞ்சம் உற்சாகமாகப் பேசி அவருக்கு இன்னொரு பதிவு அனுப்பினாளாம். அவர் அதைப் போட்டாரா, தெரியாது.

தம்பி அடுத்த தளத்தைப் புதிதாக எழுதினான். கூலியைப் பிரித்துக் கொடுக்க வழி வைத்தான். அக்கா சொன்னபடி, வேலை கொடுப்பவர் தனக்கு வேண்டியது எப்படி இருக்க வேண்டும் என்று காட்ட ஒரு மாதிரியையும் சேர்த்து அனுப்ப வேண்டும் என்று விதியும் வைத்தான். அடுத்த ஒரு வருடத்தில் ஒன்பது தகராறுகள் வந்தன. நாலில் அவள் சட்டென்று முடிவு சொன்னாள். மீதி ஐந்தில் செய்தது சரிதானா என்று இன்று கேட்டாலும் கையை விரிப்பாள்.