பதிமூன்றாகக் கிழித்த புத்தகம்

அந்தப் புத்தகத்தைக் கிழித்தது நான்தான். ஸ்டோர்ஸ் மேசைமேல் வைத்து, முதுகில் பிளேடு போட்டு, பதிமூன்று துண்டாக்கினேன். அதனால் ஒருவனுக்கு வேலை போயிற்று. இதை யாரிடமும் சொல்லாமல் இருபது வருடத்துக்கு மேல் கழித்துவிட்டேன்.

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் போகும் வழியில் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலை. அதில் நான் ஸ்டோர்ஸ் பொறுப்பாளர். சரித்திரத்தில் எம்.ஏ. படித்தேன். கல்லூரி வேலை கிடைக்கவில்லை. கையுறையும் ஷூவும் போல்ட்டும் எடுத்துக் கொடுக்கும் வேலை கிடைத்தது. நான் சொல்லப்போவது நடந்தபோது எனக்கு ஐம்பத்தாறு வயது. ஓய்வுக்கு இன்னும் பதினான்கு மாதம் பாக்கி. மகளுக்குக் கல்யாணம் பேசி முடித்திருந்தோம்.

உற்பத்தி நடக்கும் இடத்துக்குள் காகிதம் கொண்டுபோகக் கூடாது என்பது விதி. ஆனாலும் எல்லாரும் படித்தார்கள். பஸ் நிலையக் கடையில் கிளிப் போட்டுத் தொங்கும் மாத நாவலை யாராவது ஒருவர் வாங்கி வருவார். முழுப் புத்தகம் சட்டைக்குள் புடைத்துக்கொண்டு தெரியும் என்பதால் அதைக் கிழித்துவிடுவார்கள். பதினாறு பக்க மடிப்பை அச்சகத்தில் பாரம் என்பார்கள். எங்கள் லைனில் அந்தச் சொல் எல்லார் வாயிலும் புழங்கியது. நாலாக மடித்தால் ஒரு பாரம் ஏப்ரன் பைக்குள் அடங்கும். ஒரே நாவலை ஒரே வாரத்தில் எட்டுப் பேர் படித்துவிடலாம். கடைசி பாரம் யார் கையில் இருக்கிறதோ, கேன்டீனில் அன்று அவன்தான் ராஜா.

"எலே, கொல பண்ணது ஆருன்னு சொல்லிருவேன். மரியாதையா அந்த வடைய இங்கிட்டுத் தள்ளு."

"சொல்லித்தான் பாரேன். உன் ஷூல ஆயில் ஊத்தல, பேர மாத்திக்கிறேன்."

பாரங்கள் கைமாறும் இடம் என் ஸ்டோர்ஸ் ஜன்னல். காலி கையுறைப் பெட்டி ஒன்றில் அவற்றைப் போட்டு வைத்திருந்தேன். துப்பறியும் கதை, குடும்பக் கதை, பேய்க் கதை, ராஜா காலத்துக் கதை எல்லாம் அதில் கிடந்தன. படிக்கிற காலத்தில் ராஜா கதைகளைக் கேலி செய்தவன் நான். இப்போது, குதிரையில் வந்த இளவரசன் கோட்டைக்குள் எப்படி நுழைந்தான் என்று தெரியாமல், அடுத்த பாரம் வரும்வரை எனக்கு வேலை ஓடாது.

வேலை போன அந்தப் பையன் சங்கரன்கோவில் பக்கத்துக்காரன். பையன் என்று சொல்வது என் வயதை வைத்து. அவனுக்கு இருபத்தைந்து இருக்கும். டிப்ளமா முடித்தவன். தண்டலத்தில் நாலு பேரோடு ஓர் அறையில் தங்கியிருந்தான். ட்ரெய்னியாக இரண்டு வருடம் முடியப்போகிறது. அந்த மாதக் கடைசியில் பதினொரு பேருக்கு வேலை நிரந்தரக் கடிதம் வரவேண்டும். பட்டியலில் அவன் பெயரும் இருந்தது. ஊருக்குச் சொல்லிவிட்டான். அவனுக்குப் பெண் பார்க்கவும் தொடங்கியிருந்தார்கள்.

அவன் எதையும் ஒதுக்காமல் படிப்பான். ஒரு நாள் ராஜா கதையின் பாரம் ஒன்றைத் திருப்பிக் கொடுக்கும்போது கேட்டான்.

"சார், இதுல அம்புட்டுப் பேரும் அரமனைக்குள்ளயே சுத்துதாங்க. செம்பரம்பாக்கம் ஏரிய வெட்டுனவம்லாம் எந்தக் கதையில வருவான்?"

"அதுக்குக் கதை உதவாதுப்பா. வரலாறு படிக்கணும்."

"தாங்க, வாசிக்கேன்."

முப்பது வருடமாக யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. மறுநாளே நான் மாணவனாக இருந்தபோது வாங்கிய புத்தகம் ஒன்றைக் கொண்டுபோனேன். வெள்ளைக்காரன் காலத்துப் பஞ்சாலைத் தொழிலாளர்களைப் பற்றிய புத்தகம். ஏரி வெட்டியவர்கள் அதில் இல்லை. என்னிடம் இருந்தவற்றில் கூலிக்காரர்களைப் பற்றியது அது ஒன்றுதான். ஜன்னலிலேயே நின்று நாலு பக்கம் புரட்டினான்.

"கிழிச்சிருங்க சார். எல்லாரும் வாசிக்கட்டும்."

தயங்கினேன். பிறகு பெருமை தயக்கத்தை மிஞ்சியது. நான் படித்த பாடம் முதல்முறையாக லைனுக்குள் போகிறது. கிழித்தேன். மாத நாவலில் யாரும் பெயர் எழுதி வைப்பதில்லை, ஓரத்தில் குறிப்பு எழுதுவதும் இல்லை. அதைக் கிழித்துக் கிழித்துப் பழகிய கை இரண்டு விஷயங்களை மறந்துவிட்டது. முதல் பாரத்தில் தலைப்புக்குக் கீழே மையினால் என் முழுப் பெயர் எழுதியிருந்தது. ஐந்தாம் பாரத்தில் பென்சிலால் இரண்டு சொற்கள் இருந்தன.

அந்த இரண்டு சொற்களையும் நான் எழுதியது அண்மையில்தான். மில்லில் தண்ணீர் குடிக்கப் போவதற்குக்கூட மேஸ்திரியிடம் டோக்கன் வாங்கவேண்டும் என்று புத்தகத்தில் வரும். எங்கள் தொழிற்சாலையில் லைனுக்கு ஒரே ஒரு சிவப்பு அட்டை இருந்தது. அது கழுத்தில் தொங்கினால்தான் ஒருவர் தண்ணீருக்கோ கழிவறைக்கோ போகலாம். அவர் திரும்பி வரும்வரை மற்றவர்கள் அடக்கிக்கொள்ள வேண்டும். அந்தப் பக்கத்தின் ஓரத்தில், 'இங்கும் இதுதான்' என்று எழுதியிருந்தேன். அந்த வேலையில் இருந்த காலத்தில் நான் எழுதிய ஒரே துணிச்சலான வாக்கியம் அது.

அந்த வாரம் நெடுஞ்சாலைப் பஸ் நிறுத்தத்தில் யாரோ சங்கம் தொடங்குவது பற்றி நோட்டீஸ் கொடுத்தார்கள். வாசலில் எல்லார் பையையும் அவிழ்த்துப் பார்க்கச் சொல்லி உத்தரவு வந்தது. செவ்வாய்க்கிழமை முதல் ஷிப்ட் விட்டதும் செக்யூரிட்டி என் ஜன்னலுக்கு வந்தார். அவரும் எங்கள் பெட்டியில் படிக்கிறவர்தான்.

"சார், உங்க திருநெல்வேலிக்காரன் மாட்டிக்கினான்."

"என்ன ஆச்சு?"

"பையில ரெண்டு பாரம். ஒண்ணு கொலக் கதை, அத்த நானே வெச்சிகினேன். இன்னொண்ணு இன்னாவோ மில்லு, வேலைநிறுத்தம்னு கீது. பென்சில்ல வேற இன்னாவோ எழுதி வெச்சிகிறான். மேல குடுத்துட்டேன். குடுக்காம வுட்டா என் வேலை பூடும்."

எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது அந்தப் பையன் இல்லை, முதல் பாரம். அதை என் கையால் பேக்கிங்கில் வேலை செய்த ஒரு பெண்ணிடம் கொடுத்திருந்தேன். பக்கத்துக் கிராமத்துக்காரர், நாற்பது வயது இருக்கும், எல்லாருக்கும் அக்கா. மறுநாள் காலை பேக்கிங் பகுதிக்குப் போனேன். அவர் லீவு.

அந்தப் புதன்கிழமை முழுவதும் நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. அவர் மேசையடியில் குனிந்து பார்த்தேன். அட்டைக் கட்டுகளுக்கு இடையே கைவிட்டுப் பார்த்தேன். சூப்பர்வைசர் வந்து, "என்ன சார் தேடறீங்க?" என்று கேட்டதும் ஸ்டாக் பார்ப்பதாகச் சொன்னேன். விசாரணை நடத்தும் பர்சனல் மேனேஜரின் அறைக் கதவு திறக்கும்போதெல்லாம் என்னைக் கூப்பிடத்தான் என்று நினைத்தேன். என் கையெழுத்து யாருக்காவது தெரியுமா என்று யோசித்தேன். ஸ்டோர்ஸில் நான் எழுதுவது எல்லாம் ஆங்கிலம். என் தமிழ்க் கையெழுத்தை அங்கே யாரும் பார்த்ததில்லை. என்னைக் காட்டிக்கொடுக்க அந்த ஒரு தாள்தான் இருந்தது.

வியாழக்கிழமை டீ இடைவேளையில் அக்காவைப் பிடித்தேன்.

"இன்னா சார், நேத்து பூரா என்னைத் தேடுனீங்களாமே? சின்னதுக்கு ஜொரம், அதான் வர்ல."

"அந்த முதல் பாரம் வேணும்மா."

அவர் அட்டைப் பெட்டிகளின் அடுக்கில் மூன்றாவதற்குள் கைவிட்டு எடுத்தார். உடனே கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டார்.

"இதுல உங்க பேரு கீது சார். இத்த மேனேஜராண்ட காட்டினா அந்தப் புள்ளய வுட்ருவாங்க இல்ல?"

"அதுக்குத்தான்மா கேக்கறேன்."

"அப்ப எட்த்துனு போங்க. இன்னும் நாலு பக்கம் பாக்கி. பரவால்ல. அவன் வேலை பூடாம நிக்கட்டும்."

நான் மேனேஜரிடம் போகவில்லை. ஸ்டோர்ஸுக்குத் திரும்பி, என் பெயர் இருந்த தாளையும் அதோடு இருந்த மற்றத் தாள்களையும் விரல் நகம் அளவுக்குக் கிழித்தேன். எண்ணெய் துடைத்த பஞ்சுக் கழிவைப் போடும் டிரம் ஒன்று மூலையில் இருந்தது. அந்தக் கழிவு பிற்பகலில் எரிக்கப் போய்விடும். கையை முழங்கைவரை உள்ளே விட்டு, அடியில் புதைத்தேன். சோப்புப் போட்டுக் கை கழுவினேன். பிறகு ஜன்னலில் வந்து நின்ற ஒருவருக்கு இரண்டு ஜோடிக் கையுறை கொடுத்தேன்.

வெள்ளிக்கிழமை விசாரணை. மேனேஜர் என்னையும் கூப்பிட்டார். என்மேல் சந்தேகப்பட்டு இல்லை. படித்தவன், தமிழ் தெரிந்தவன் என்று கூப்பிட்டார். எனக்கு நாற்காலி போட்டார். பையன் நின்றுகொண்டிருந்தான். மேசைமேல் ஐந்தாம் பாரம் கிடந்தது.

"இது உனக்கு எப்படி வந்துச்சு?"

"பழைய பேப்பர் கடையில வாங்குனது சார்."

"இந்தக் கையெழுத்து?"

"நான் எழுதல சார். வாங்கும்போதே இருந்துச்சு."

"கடைக்காரன் எழுதினானா? 'இங்கும்'னா எங்க? அவன் கடையிலயா?"

அவன் என் பக்கம் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. என்னைக் காப்பாற்றவேண்டும் என்று முடிவுசெய்துவிட்டு வந்திருக்கிறான் என்பது அப்போதே எனக்குத் தெரிந்தது.

மேனேஜர் பாரத்தை என்னிடம் தள்ளினார். அவர் கெட்டவர் இல்லை. மேலிடத்துக்கு ஏதாவது பதில் சொல்லவேண்டும், அவ்வளவுதான்.

"சார், இதை முழுசாப் படிக்க எனக்குப் பொறுமை இல்ல. ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. இது கதைதானே? கதைன்னா ஒரு வார்னிங் லெட்டர் குடுத்து முடிச்சிடறேன். கதை எல்லாரும்தான் படிக்கறாங்க. இவன் லெட்டரும் ரெடியா இருக்கு."

அவர் தப்பிக்கும் கதவைத் திறந்து வைத்துவிட்டுக் கேட்டார். 'கதை' என்று ஒரு சொல் சொன்னால் போதும். அவருக்கும் அதுதான் வேண்டியிருந்தது.

நான் கண்ணாடியைப் போட்டு அந்தப் பக்கங்களைப் புரட்டினேன். எனக்கு மனப்பாடமான பக்கங்கள். பொய் சொல்லி, நாளைக்கு வேறு யாராவது இதைப் படித்துப் பார்த்தால் என்ன ஆகும் என்று மட்டும் யோசித்தேன். ஏன் மறைத்தீர்கள் என்று கேட்பார்கள். அந்தக் கேள்வியிலிருந்து என் பெயருக்கு ரொம்பத் தூரம் இல்லை.

"கதை இல்லை. இது வரலாறு" என்றேன்.

"என்ன வரலாறு?"

"மில் தொழிலாளர்களோடது."

"சங்கம், ஸ்ட்ரைக், அந்த மாதிரியா?"

"இந்தப் பகுதி அப்படித்தான்."

பதினாறு பக்கங்களைப் பற்றி நான் சொன்னதில் ஒரு பிழைகூட இல்லை. எம்.ஏ. படித்ததை நான் பயன்படுத்திய இடம் அது. வேறு வழி இல்லை, பாடத்தைப் பற்றிப் பொய் சொல்லக் கூடாது என்று அன்று மாலை பஸ்ஸில் எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன். முந்தின நாள் டிரம்முக்குள் கைவிட்டவன் சொல்லிக்கொண்டான்.

சனிக்கிழமை பத்துப் பேருக்குக் கடிதம் வந்தது. அவனுக்கு, பயிற்சிக் காலம் முடிந்தது என்று ஒரு வரி வந்தது. அக்கா வேலையை விட்டுவிட்டு ஜன்னலுக்கு ஓடி வந்தார்.

"சொன்னீங்களா சார்?"

"சொன்னேம்மா. அவன் வெளிய போனப்புறம் உள்ள இருந்து சொன்னேன். அவங்க கேக்கல."

"பேர் எழுதின தாளக் காட்டியுமா?"

"காட்டியும்தான்."

அவர் தலையில் அடித்துக்கொண்டார். "இன்னா மனுசங்க சார் இவுங்க! நீங்க இம்மாந் தூரம் செஞ்சும்…" என்று சொல்லி, கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார். நான் தடுமாறக்கூட இல்லை. பொய் அவ்வளவு சுலபமாக வந்தது.

வேலையை விட்டுப் போகிறவர்கள் ஷூ, ஏப்ரன், ஹெல்மெட் எல்லாவற்றையும் ஸ்டோர்ஸில் ஒப்படைத்து, பாக்கி இல்லை என்று என்னிடம் கையெழுத்து வாங்கவேண்டும். அது இல்லாமல் வாசலைத் தாண்ட முடியாது. திங்கட்கிழமை பிற்பகல் அவன் வந்தான். ஏப்ரனைத் துவைத்து மடித்துக் கொண்டுவந்திருந்தான். ஒவ்வொன்றாக ஜன்னல் வழியாக நீட்டினான். நான் வாங்கி வைத்தேன். அவன் கேட்கப்போகிறான், கேட்டால் சொல்லிவிடவேண்டும் என்று நினைத்தேன். உண்மையாகவே நினைத்தேன்.

அவன் கம்பிக்கு அருகில் முகத்தைக் கொண்டுவந்தான்.

"அக்கா சொன்னாங்க சார். நான் வெளிய வந்த பொறவு நீங்க உள்ள ஒத்துக்கிட்டீங்களாமே. எனக்குத் தெரியாமப் போச்சு. நான் ஒங்கள வேற மாதிரி நெனச்சிட்டு ரெண்டு நாளா ஒறங்கல."

நான் ஹெல்மெட்டை எடுத்து அலமாரியில் வைத்தேன்.

"ஒங்களுக்கு ஒண்ணும் ஆகலையே சார்? பொண்ணு கலியாணம் இருக்குன்னு சொன்னீங்க."

"இல்லப்பா. எனக்கு ஒண்ணும் ஆகல."

"அப்பச் சரி" என்றான். படிவத்தை என் பக்கம் திருப்பி வைத்து, கையெழுத்துப் போடவேண்டிய இடத்தை விரலால் காட்டினான். போட்டேன். அவன் அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, மேற்கொண்டு எதுவும் கேட்காமல், வாசலை நோக்கி நடந்தான். செக்யூரிட்டி அவன் பையை அவிழ்த்துப் பார்ப்பதும், அவன் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நிற்பதும் என் ஜன்னலிலிருந்து தெரிந்தன. கூப்பிட்டால் கேட்கிற தூரம்தான். நான் கூப்பிடவில்லை.